குல்லா போட்ட ஜாடி

அக்டோபர் 29, கொடைக்கானல்

சகல ஜனங்களுக்கும் மிகுந்த பொறுப்புணர்வோடு அறிவிக்கப்படுவது: எங்கள் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு வலப்பக்கம் வசித்துவரும் பீங்கான் ஜாடியார், இன்று மாலை முதல் மங்கி குல்லா அணிந்து காட்சியளிக்கிறார். கழுத்தில் மஃப்ளரும் உண்டு. தரிசிக்க விரும்புவோர் செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்.

குல்லா யோசனை: டெல்வின், பதினோராம் வகுப்பு. அதாவது அடியேன்.

ஜாடிக்குள் இருப்பது வைன். கிறிஸ்மஸுக்கு வருஷா வருஷம் அம்மாதான் திராட்சையில் போடுவாள். இந்த வருஷம் இரண்டு கோளாறு. ஒன்று, மழையில் பாசி வழுக்கி அம்மா படியில் விழுந்து, வலது கையில் மாவுக்கட்டு. மாவுக்கட்டு போட்டவளால் சப்பாத்தி மாவுகூடப் பிசைய முடியவில்லை. எனவே பொறுப்பு, போன மே மாதம் கல்யாணமாகி வந்த விஜிலா அண்ணியின் தலையில். இரண்டு, காய்கறி வேன் ஓட்டும் எங்கள் ஜெரின் அண்ணன் கம்பத்துக்குப் போய்ப் பன்னீர் திராட்சை வாங்கி வர வேண்டியவன். மழையில் பழமெல்லாம் வெடித்துப்போச்சாம். வெறுங்கையோடு வரக் கூசி, மார்க்கெட்டில் அடிபட்ட ஆப்பிள் இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆப்பிளாலேயே ஆப்பு வைப்பது என்பது இதுதான்.

அண்ணி அசரவில்லை. "பழம் புளிச்சா வைன்தானே மக்கா? இதுல என்ன?" என்றாள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அடிபட்ட இடத்தையெல்லாம் செதுக்கி, மிக்ஸியில் அடித்து, அப்பாவின் பழைய வேட்டியில் கட்டி முறுக்கிப் பிழிந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்து முறுக்கினேன். ஜிம்முக்குப் போகிற என் கை நடுங்கியது. அண்ணி கை நடுங்கவில்லை. சீனி, ஒரு பிடி கோதுமை, பேக்கரி ஈஸ்ட் எல்லாம் போட்டாகிவிட்டது. வெள்ளைக்காரன் இதற்கு சைடர் என்று பேர் வைத்திருக்கிறானாம். எங்களுக்கு ஆப்பிள் வைன்.

ஆனால் நாலு நாளாக ஜாடியில் ஒரு குமிழிகூட இல்லை. குளிர். ஈஸ்ட் போர்வைக்குள் தூங்குகிறது. அதனால்தான் குல்லா.

அக்டோபர் 30

ஜாடியார் வாய் திறந்துவிட்டார். புளுக்... புளுக். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 3

எனக்கு இந்த வீட்டில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளமில்லாத தூதர் வேலை.

அம்மாவும் அண்ணியும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. அதுதான் பிரச்சினையே. கிறிஸ்மஸுக்கு அண்ணி மார்த்தாண்டத்துக்கு அவள் வீட்டுக்குப் போவதாக இருந்தது. கல்யாணம் ஆன முதல் கிறிஸ்மஸ், தலைக் கிறிஸ்மஸ். மாப்பிள்ளைக்கு மோதிரமெல்லாம் எடுத்துவிட்டார்களாம். அம்மா விழுந்ததும் அண்ணி போகவில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்கு அம்மா, "எனக்காக யாரும் நிக்க வேணாம். நான் என்ன படுத்த படுக்கையாவா கெடக்கேன்?" என்றாள். அண்ணி, "நான் யாரோவா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஜாடிக்கு இரண்டு பக்கமும் நின்று ஜாடையாகவே பேசுகிறார்கள். நடுவில் நான்.

இன்று காலை நடந்தது:

அம்மா: "டேய், ஜாடியை மரக்கரண்டியால தினம் ரெண்டு தரம் கிண்டணும்னு சொல்லு. அலுமினியம் கூடாது."

நான் (மூன்றடி தள்ளி நிற்கும் அண்ணியிடம்): "அண்ணி, உங்களுக்குக் கிண்டத் தெரியாதாம்."

அண்ணி: "எனக்கு எல்லாம் தெரியும்னு அத்தைட்ட சொல்லு."

நான் (மூன்றடி தள்ளி நிற்கும் அம்மாவிடம்): "உங்க கையப் பாத்துக்கங்கன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்கம்மா."

இருவரும் காது கேட்காதவர்கள் மாதிரியே நிற்கிறார்கள். இப்படி ஒரு அருமையான விளையாட்டு என் வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை.

நவம்பர் 9

தினசரிக் கடமைகள்: பால் வாங்குவது. கோழிக்குத் தீனி. அம்மாவுக்கு எலுமிச்சம்பழம் பிழிவது.

கடைசி வேலை புதிது. அம்மாவுக்குப் பிரஷர். வத்தலக்குண்டு பெரியம்மா காயவைத்து அனுப்பும் செம்பருத்திப் பூவை, ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பாள். இங்க் பாட்டில் கழுவிய தண்ணீர் மாதிரி ஊதாவும் அழுக்குமாக ஒரு நிறம். பார்த்தால் பிரஷர் ஏறும். ஒற்றைக் கையால் எலுமிச்சம்பழம் பிழிய முடியாததால் நான் பிழிகிறேன். சாறு விழுந்ததும் திட்டு வாங்கிய பிள்ளை முகம் மாதிரி குப்பென்று சிவக்கும். பிறகு அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். நான் மிச்ச மூடியை உப்பு தொட்டு நக்குவேன்.

நவம்பர் 16

இன்று ஜாடியாரை வடிகட்டினோம். வாசனை சொர்க்கம். எனக்குப் பதினெட்டு ஆகும்வரை மோப்பம் மட்டும்தான் என்பது அப்பாவின் சட்டம். மோந்தே சொல்கிறேன், பிரமாதம்.

அண்ணன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "ஏ விஜி!" என்று மட்டும் சொன்னான். அப்பா குடித்தார். "ம்" என்றார். அப்பா நகராட்சித் தண்ணீரைக் குடித்தாலும் "ம்" என்பார் என்றாலும், இது நீளமான "ம்".

அம்மா தம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். குடிக்கவில்லை.

"ருசி இருக்கட்டும். செவப்பு எங்கேன்னு கேளு."

நிறம் என்னவோ வைக்கோல் ஊறிய தண்ணீர்தான். இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிறிஸ்மஸ் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜன்னலையெல்லாம் சாத்துவோம். குடிலுக்குள் ஒரு மெழுகுவத்தி. முதல் கிளாஸ் வைனை அந்தச் சுடருக்கு முன்னால் பிடிக்க வேண்டும். கோயிலில் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் எரிகிற விளக்கின் அதே சிவப்பு, குழந்தை இயேசுவைச் சுற்றிய வெள்ளைத் துணியில் விழ வேண்டும். விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவது. கிளாஸைப் பிடிக்கும் உரிமை, வீட்டுக்குக் கடைசியாக வந்தவருக்கு. நிற்கத் தெரிந்த நாளிலிருந்து நான்தான் பிடிக்கிறேன். பதவி நிரந்தரம்.

வைக்கோல் தண்ணீரைப் பிடித்தால் துணியில் என்ன விழும்? குழந்தை இயேசு மூத்திரம் போன மாதிரி இருக்கும் என்று சொன்னேன். அம்மா இடது கையால் அடித்தாள். இடது கையும் நன்றாகவே வேலை செய்கிறது.

"செவப்பா வரலைன்னா கடையில திராட்சை ஜூஸ் வாங்கி வச்சுக்கலாம்னு சொல்லு. கலர்ப் பொடி கிலர்ப் பொடி எதுவும் என் குடிலுக்கு முன்னாடி வரக் கூடாது."

இதை மட்டும் நான் மாற்றிச் சொல்லவில்லை. மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் சுட்டது. அண்ணியின் முகம் சிவந்தது. வைன்தான் சிவக்கவில்லை.

நவம்பர் 17

அண்ணி ஆராய்ச்சி தொடங்கிவிட்டாள். முழு ஜாடியில் கை வைக்கவில்லை. ஆறு தம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் வைனை ஊற்றி, அடியில் சாக்பீஸால் அடையாளம் போட்டு, ஜன்னல் மேடையில் வரிசையாக நிறுத்தியிருக்கிறாள். எங்கள் பள்ளி லேப் இதைவிடக் கேவலம்.

முதல் தம்ளரில் பீட்ரூட். வாவ். ரத்தினக்கல் மாதிரி.

நவம்பர் 24

பீட்ரூட் ரூட் மாறிவிட்டது. துருப்பிடித்த ஆணி ஊறிய நிறம். வாசனை, மழை விட்ட பிறகு உருளைக்கிழங்குத் தோட்டத்தில் விழுந்து எழுந்தால் மூக்கில் வருமே, அது.

"நல்லவேளை முழுசுலயும் கலக்கல," என்றாள் அண்ணி. கொட்டினாள். தம்ளரைக் கழுவினாள். அடுத்த தம்ளர். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். எனக்குக் கணக்கு தப்பாக வந்தால் நோட்டையே கிழித்துவிடுவேன்.

நவம்பர் 30

இன்று நடந்ததை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது. வந்தால் பாவம் மாதிரியும் இருக்கிறது.

அண்ணி காலையிலேயே படு உற்சாகம். "எனக்கு ஏன் இது தோணல மக்கா! எங்க வீட்டுல குடிக்கதே செவந்த வெள்ளந்தான்." அவர்கள் ஊர்ப்பக்கம் குடிதண்ணீரில் பதிமுகம் என்று ஒரு மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைப்பார்களாம். நாலு சீவல் போதும், பானையே ரோஜாவாகிவிடும். கல்யாணத்துக்கு வந்தபோது கொண்டுவந்த பொட்டலம் அவள் பெட்டியிலேயே இருந்தது. கெட்டியாகக் காய்ச்சினாள். சத்தியமாக அப்படி ஒரு சிவப்பு. நானே வாயைப் பிளந்தேன்.

"அத்தைய வரச்சொல்லு. இப்ப ஒரு நிமிசத்துல செவப்பு காட்டுதேன்னு சொல்லு."

இதையும் மாற்றவில்லை. அம்மா வந்தாள். அப்பா வந்தார். அண்ணன் வேனை ஸ்டார்ட்டிலேயே விட்டுவிட்டு வந்தான். அண்ணி அந்தச் சிவப்புத் தண்ணீரை வைனில் ஊற்றினாள்.

மஞ்சள்.

கண் முன்னாலேயே சிவப்பு செத்து, காமாலைக் கண் மாதிரி மஞ்சளாகிவிட்டது. இன்னும் ஊற்றினாள். இன்னும் மஞ்சள். அவர்கள் ஊர்த் தண்ணீரில் புளிப்பு இல்லை, இதில் இருக்கிறது. புளிப்புப் பட்டால் பதிமுகம் இப்படித்தான் ஆகுமாம். இதெல்லாம் பிறகு கெமிஸ்ட்ரி சாரிடம் கேட்டது. அந்த நேரத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

பதிமுகம் போட்டது அண்ணி, வாடியது பதியின் முகம். இந்த ஜோக்கைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா எதுவும் சொல்லாமல் போய்விட்டாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 1

கொல்லையில் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அண்ணி போனில் அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கேன்மா... ஆமா, வைன் நல்லா செவந்து வந்திருக்கு. அத்தைக்கு ரொம்ப சந்தோசம். எல்லாரும் நல்லா வச்சிருக்காவ. பைய ஒரு நாளு வாரோம்."

எங்கள் அம்மா சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாள். அந்த ஜன்னல் தொட்டிக்கு நேர் மேலே. கண்ணாடிக் கதவும் திறந்திருந்தது.

நான் துணியை எடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 2

தூது எதுவும் வரவில்லை. எனக்கு வேலை இல்லை.

டிசம்பர் 6

வரலாறு இந்த நாளைக் குறித்துக்கொள்ளட்டும்!

ஆப்பிள் விழுந்ததைப் பார்த்து ஒருத்தர் பெரிய ஆள் ஆனாராம். நான் ஆப்பிள் சிவந்ததைப் பார்த்து ஆகப்போகிறேன்.

நடந்தது இது. மாலையில் அண்ணி ஜன்னல் மேடையில் கடைசித் தம்ளரை வைத்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் ஏதாவது செய்துகொண்டிருப்பவள் சும்மா நிற்பதைப் பார்க்க நன்றாக இல்லை. அவளைக் கொஞ்சம் கடுப்பேற்றலாம் என்று தோன்றியது. பக்கத்தில் அம்மாவின் பூத்தண்ணீர் தம்ளர் இருந்தது. அம்மா எங்கேயோ போயிருந்தாள். இன்று எலுமிச்சம்பழம்கூடக் கேட்கவில்லை, தண்ணீர் அதே இங்க் நிறத்தில் இருந்தது. "அண்ணி, இந்தாங்க, டெல்வினின் தீர்த்தம்!" என்று அந்த அழுக்கு ஊதாவை அவளுடைய தம்ளரில் கவிழ்த்தேன்.

குப்!

சிவப்பு. பீட்ரூட் சிவப்பு இல்லை. பதிமுகச் சிவப்பு இல்லை. கோயில் விளக்கின் சிவப்பு. தம்ளரை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கினால் என் உள்ளங்கையே சிவந்தது.

"எப்படி அண்ணி என் மூளை?"

அண்ணி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நடைக்கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தலையில் செல்லமாக ஒரு குட்டு. "நீ பெரிய ஆளு மக்கா," என்றாள். கண்ணில் தண்ணீர். புகை என்று நினைக்கிறேன். அடுப்பு எரியவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

டிசம்பர் 7

முழு ஜாடிக்கும் வேண்டிய அளவு பூ கைவசம் இருந்தது. பெரியம்மா அனுப்பிய பெரிய பொட்டலம் ஒன்று தற்செயலாக முந்தாநாள் பஸ்ஸில் வந்திருந்ததாம்.

அண்ணி பூவைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி, ஒரு தம்ளர் ஒரு தம்ளராகக் கலந்தாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது, மோந்து பார்ப்பது, ஒரு சொட்டு நாக்கில். போதும் என்று நிறுத்தினாள் பாருங்கள், அந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. நானாக இருந்தால் இன்னும் ரெண்டு ஊற்றிக் கெடுத்திருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை, இவ்வளவு பொறுமையான மனுஷியை எங்கள் அண்ணன் எப்படிப் பிடித்தான் என்று தெரியவில்லை. ஆப்பிள் விஷயத்தில்தான் அவனுக்குக் கண் தெரியாது போல.

டிசம்பர் 9

இதுவரை என் கண்டுபிடிப்பைச் சொன்ன நபர்கள்: வகுப்பு முழுக்க, கெமிஸ்ட்ரி சார், பால்காரர், பங்குச்சாமியார். சாமியார் ஒரு பாட்டில் கேட்டார்.

அண்ணனும் ஊரெல்லாம் "எந்தம்பி கண்டுபிடிச்சது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். அம்மா மட்டும், "தலை கனம் ஜாஸ்தியாயிடப் போவுது, குல்லா பத்தாது," என்றாள்.

டிசம்பர் 12

அரையாண்டுத் தேர்வு. கெமிஸ்ட்ரியில் அமிலமும் நிறங்காட்டியும் கேட்டிருந்தார்கள். செம்பருத்தியை உதாரணம் எழுதினேன். பாதிப் பக்கம் என்னைப் பற்றி.

டிசம்பர் 18

அம்மாவுக்குக் கட்டு பிரித்தாயிற்று. கை மெலிந்து வெளுத்து, வேறு யாருடைய கை மாதிரியோ இருக்கிறது. அண்ணி நல்லெண்ணெய் காய்ச்சி வைத்தாள். "தேச்சுக்கிடச் சொல்லு," என்றாள். நான், "அண்ணியே தேச்சுவிடுறாங்களாம்மா," என்று மாற்றிச் சொன்னேன். அம்மா அண்ணியிடம் கையை நீட்டிவிட்டாள்.

அண்ணி விரல் விரலாகத் தேய்த்தாள். எண்ணெய் முழுக்கத் தீரும்வரை அம்மா கையை எடுக்கவில்லை.

டிசம்பர் 25

மத்தியானம். ஜன்னலெல்லாம் சாத்தியாயிற்று. வெளியே மூடுபனி, உள்ளே குடிலில் ஒரே ஒரு மெழுகுவத்தி. அப்பா ஜெபம் சொன்னார். அம்மா முதல் கிளாஸை ஊற்றினாள், வலது கையால். கொஞ்சம் சிந்தியது. யாரும் பார்க்காதது மாதிரி இருந்தோம்.

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பதவிக்குரிய கம்பீரத்தோடு முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

அம்மா என்னைத் தாண்டிப் போனாள்.

"விஜிலா," என்றாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை, நேராக, தூது இல்லாமல். "இந்த வீட்டுக்குக் கடைசியா வந்தது நீதானம்மா. பிடி."

அண்ணி அசையவில்லை. "அவன் பிடிக்கது அத்தை. எனக்கு..."

"அவன் வந்து பதினாறு வருஷம் ஆச்சு. பிடி. கை நடுங்குது எனக்கு."

அண்ணி வாங்கிச் சுடருக்கு முன்னால் பிடித்தாள். குழந்தை இயேசுவின் வெள்ளைத் துணியில் சிவப்பு விழுந்தது. முதலில் ஒரு புள்ளி. அண்ணியின் கை நிலையாக நின்றதும் துணி முழுக்க. மாட்டின் கொம்பு, வைக்கோல், அண்ணியின் கன்னம், எல்லாம் சிவப்பு.

அம்மா சொன்னாள்: "உங்க வீட்டுத் தலைக் கிறிஸ்மஸை விட்டுட்டு இங்க நின்னியே. நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். கிளாஸ் அசையவில்லை. எப்படித்தான் முடிகிறதோ.

அப்பா ஒரு வாய் குடித்தார். "நல்லாருக்கு," என்றார். "ம்" இல்லை. முழு வார்த்தை! அண்ணன் போனை நீட்டினான். அதில் மார்த்தாண்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தது. அம்மா அந்தப் பக்கத்துச் சம்மந்தியிடம், "பொங்கல் லீவுல நாங்களே கூட்டிட்டு வரோம். நாலு பாட்டில் எடுத்து வச்சிருக்கேன்," என்று கத்தினாள். வீடியோ காலில் கத்தத் தேவையில்லை என்று அம்மாவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

என் பதவி போனது. பரவாயில்லை. கண்டுபிடிப்பாளர் பட்டம் இருக்கிறதே.

டிசம்பர் 26

இல்லை.

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "மக்கா, அன்னைக்கு நீ ஊத்தின வெள்ளத்துல ஏலக்கா வாசம் இருந்துல்லா. ஏலக்கா தட்டிப் போடுகது அத்தை மட்டுந்தான். அத்தை தம்ளரக் கையவிட்டுக் கீழ வச்சு நான் பாத்ததே இல்ல கேட்டியா."

"அப்ப அன்னிக்கே தெரியுமா அண்ணி?"

"தெரியும். அத்தை சொல்லாண்டாம்னு நெனச்சா, நானும் சொல்லாண்டாம்னுதான்."

எனவே டிசம்பர் ஆறாம் தேதிக் குறிப்பு திருத்தப்படுகிறது. அம்மா எங்கேயும் போகவில்லை. நடையில் என்னை நிறுத்தி, எலுமிச்சம்பழம் வேண்டாம் என்று சொல்லி, இடது கையால் அந்தத் தம்ளரை என் கையில் திணித்தது அவள்தான். "அவ தம்ளர்ல ஊத்து. நீயா கண்டுபிடிச்சேன்னு சொல்லு. நான் குடுத்தேன்னு தெரிஞ்சா அவளப் பாத்துச் சிரிக்கறேன்னு நெனப்பா." பெரியம்மாவுக்குப் போன் போட்டுப் பொட்டலம் வரவழைத்ததும் தற்செயல் இல்லை. தொட்டிக்குப் பின்னால் அண்ணி பேசியது கேட்ட அன்றே போட்ட போன். தினமும் எலுமிச்சம்பழம் பிழிந்து, சிவப்பதைக் கண்ணால் பார்த்து, மூடியையும் நக்கிய அறிவாளி நான். எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. "நான் மாத்தி மாத்திச் சொன்னது?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நீ மாத்துவேன்னு தெரிஞ்சுதானடா சொன்னேன். மூணு அடி தள்ளி நிக்கிறவளுக்குக் காது கேக்காதா?"

ஆக, மாதக்கணக்கில் நான் அவர்களை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்த நேரமெல்லாம், நேராகச் சொல்லக் கூச்சப்பட்ட இரண்டு பேருக்கு நான் ஒரு திரைச்சீலை. அவ்வளவுதான். இரண்டு பேரும் கெட்டிக்காரிகள். எனக்குப் பெருமையாக இருக்கிறது, சொல்லிக்கொள்ளத்தான் வெட்கம்.

கண்டுபிடிப்பாளர் பட்டம் இத்துடன் திருப்பி அளிக்கப்படுகிறது. பால்காரரிடமும் சாமியாரிடமும் நாளை சொல்லிவிடுகிறேன். கெமிஸ்ட்ரி சாரிடம் மார்க் வந்த பிறகு.

ஒன்று மட்டும் மிச்சம். ஜாடிக்குக் குல்லா போட்ட யோசனை நூற்றுக்கு நூறு என்னுடையது.

...

அன்று நான் அதற்கு மஃப்ளர் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அப்பா தன் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றித் தூக்கிப் போட்டு, "தலையும் குளிரும்ல," என்றார். மறுபடி "ம்" என்று போய்விட்டார்.

சரி. அதையும் எழுதிவிட்டேன்.